செக்யூரிட்டி வேலை

"டோச் லைட்டு கம்பனியே குடுக்குமா, நாமதான் வாங்கிக்கணுமா?"

அக்கா மகன் சைபர் செக்யூரிட்டி படித்து முடித்துவிட்டான் என்று தோட்டத்து லயத்தில் சொன்னபோது, பக்கத்துக் காம்பராப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். சிரித்துவிடாதீர்கள். ஹட்டனில் இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போகும் எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு வாய்த்த உத்தியோகம் அதுதான். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, தோள் தொங்கும் நீலச் சட்டை, பன்னிரண்டு மணித்தியாலம். பெரியவரின் மகன் வெள்ளவத்தையில் அடுக்குமாடி ஒன்றுக்குக் காவல். ஒழுகும் தகரக் கூரையின் கீழே வளர்ந்தவன் ஊரார் வீட்டு லிஃப்ட்டைக் காக்கிறான். பெரியவருக்குத் தெரிந்த செக்யூரிட்டி அது. நமக்குத் தெரிந்த செக்யூரிட்டி மட்டும் என்ன வாழ்ந்ததாம்?

மருமகனுக்குக் கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் நேர்முகப் பரீட்சை. அதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தவன் கொப்பியில் கேள்விகள் எழுதிக்கொண்டிருந்தான். கம்பனிக்காரர்கள் கேட்கப் போகும் கேள்விகள் என்று நினைத்தேன். இல்லையாம், கம்பனிக்காரர்களிடம் இவன் கேட்கப் போகும் கேள்விகள்.

வாங்கிப் பார்த்தேன். தரவுகளைக் கடைசியாக எப்போது பிரதி எடுத்து வைத்தீர்கள், அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் அடைப்பீர்கள்? இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழும்புகிறவர்கள் எத்தனை பேர், நான் ஒருத்தன்தானா? களவு போனால் யார் தலை போகும்? எனக்கு முன்னால் இந்தக் கதிரையில் இருந்தவர் ஏன் போனார்? சம்பளம் ஆறாவதோ ஏழாவதோ கேள்வியாக, பக்கத்தின் அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"யார் தலை போகும்னு கேக்குறது கொஞ்சம் ஓவரா இல்லையாடா?" என்றேன்.

"அமெரிக்காவுல ஊபர் கம்பனியோட பாதுகாப்பு அதிகாரிய 2022ல கோட்டுல குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க மாமா. தரவு களவு போனத மறைச்சாருன்னு. முதலாளி யாரும் கூட்டுல ஏறல."

அடுப்படியில் இருந்த அம்மா, அதாவது அவனுடைய அம்மாயி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள். அந்த நாற்பது வருஷத்தில் வேலை கொடுத்தவர்களிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எந்த மலை?"

"வேல குடுக்குறவுகளயே கேள்வி கேக்குறதா? தொர கோவிச்சிக்கிற மாட்டாரா?" என்றாள்.

அம்மாவின் பயத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனவன் குற்றவாளி; அவனுக்குச் சிறை. கொடுத்துவிட்டே போயிருக்கலாமே என்பீர்கள். போகலாம், கையில் 'துண்டு' இருந்தால். தோளில் போடும் துண்டு அல்ல. இன்ன கங்காணியும் அவனுடைய ஆட்களும் இந்தத் தோட்டத்துக்கு இத்தனை ரூபாய் கடன், அதைக் கட்டுகிறவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு தொரை எழுதிக் கொடுக்கும் கடுதாசி. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் ஏறிட்டும் பாராது. அந்தக் கடன் எப்படி ஏறியது, யார் வயிற்றுக்குப் போனது என்பதெல்லாம் துண்டில் இருக்காது. தொகை மட்டும் இருக்கும். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

துண்டு ஒழிவதற்கு முன்னாலேயே, ஆள் வருவதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு தகர வில்லை வந்தது. இந்தியாவிலிருந்து கூட்டிவரும் ஒவ்வொருவருடைய கழுத்திலும் தோட்டத்தின் குறியும் வரிசை எண்ணும் குத்திய ஒரு தகரம். வங்கிக் கணக்குக்குள் போக இன்றைக்கு இரட்டைச் சோதனை வைக்கிறார்களே, கடவுச்சொல் ஒன்று, கைத்தொலைபேசிக்கு வரும் எண் ஒன்று என்று, அதன் மூலகர்த்தாக்கள் சிலிக்கன் பள்ளத்தாக்கில் இல்லை. வரத் தகரம், போகத் துண்டு. உள்ளே கள்ளன் வராமல் தடுப்பதற்கு உலகம் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறது. வெளியே ஆள் போகாமல் தடுப்பதற்கு எங்கள் மலையில் அன்றைக்கே வழி கண்டுவிட்டார்கள்.

1948இல் எங்கள் கணக்கையே முடக்கினார்கள். அதற்குப் பெயர் பிரஜாவுரிமைச் சட்டம். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவன்கூட மாற்ற முன் ஒருமுறை திறந்து பார்ப்பான். நாடற்றிருந்தவர்களில் கடைசி ஆட்களுக்குக் கதவைத் திறக்கும் சட்டம் வர 2003 ஆனது. கடவுச்சொல்லை மறந்தவனுக்கே பத்து நிமிஷத்தில் திறந்து கொடுக்கிற காலம் இது.

ஆகவே, தோட்டத்தில் பிறந்த ஒருவன் வேலை கொடுக்கிறவரிடம் ஏழு கேள்வி எழுதிக்கொண்டு போகிறான் என்பதே என்னைப் பொறுத்தவரை ஒரு வரலாற்றுச் சம்பவம். அந்த வரலாறு கண்ணாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் முக்கால் மணி நேரம் நீடித்தது.

கம்பனியின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் 'ஆரம்பநிலைப் பதவி' என்று போட்டிருந்தார்கள். வேண்டிய தகுதிகளில் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழும் ஒன்று. அந்தச் சான்றிதழை முழுமையாகப் பெற ஐந்து வருஷ அனுபவம் வேண்டும் என்பது அதை வழங்குகிறவர்களின் விதி. ஆரம்பநிலை வேலைக்கு ஐந்து வருஷ அனுபவக்காரன். பெண் பார்க்க வரும்போதே பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்கிற சம்பந்தம்.

பரீட்சைக் கட்டணம் 749 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டே கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவன் படித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 என்று முழங்கி, கம்பனிகள் நீதிமன்றம் ஏறி இறங்கி, செப்டம்பரில் 1,350 ஆகத் தேய்ந்து வந்த அதே சம்பளம். (இப்போது 1,750 என்கிறார்கள். அதில் 200 ரூபாய் அரசாங்கம் போடும் வருகைக் கொடுப்பனவு. முதலாளி கொடுக்க வேண்டியதைப் பொதுப் பணத்தில் கொடுப்பதற்குப் பொருளாதாரத்தில் ஏதோ அழகான பெயர் இருக்க வேண்டும்.) கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பரீட்சைக்கு 166 முழுப் பேர், அதாவது 166 நாள் முழுச் சம்பளம். ஒரு நாள் நிறை 18 கிலோ என்றால் மூன்று தொன் பச்சைக் கொழுந்து. அதையும் அட்டைக் கடிக்கும் மழைக்கும் நடுவில், தராசுக்காரர் சாக்குக்கும் தண்ணீருக்கும் வெட்டியது போக மிஞ்சிய கிலோவாகக் காட்ட வேண்டும். அத்தனையும் ஒரு பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் நுழைவதற்கு மட்டும். சித்தி தனி.

மருமகன் தன் முதல் கேள்வியைக் கேட்டானாம். பிரதி எடுத்தீர்களா, மீட்டுப் பார்த்தீர்களா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். இரண்டாவது கேள்வியில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்றதும், "அவர் எங்க குடும்பத்துக்குப் பொருந்தல" என்று பதில் வந்ததாம்.

"குடும்பமா?"

"ஆமா மாமா. இங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு மூணு தரம் சொன்னாங்க."

அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "எங்க பெரிய தொரையும் அப்புடித்தான் சொல்லுவாரு. தாய் தகப்பன் மாதிரின்னு."

பிறகு குடும்பத்தில் சேர நிபந்தனைகள் சொன்னார்களாம். இரண்டு வருஷ ஒப்பந்தம். இடையில் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் கம்பனியின் அலுமாரியில் இருக்கும். விலகுவதென்றால் மூன்று மாத முன்னறிவித்தல். என்ன பயிற்சி என்று கேட்டிருக்கிறான், அது இன்னும் தீர்மானமாகவில்லையாம். தொகை மட்டும் தீர்மானமாகிவிட்டது. 1921இல் ஒழித்தது காகிதத்தைத்தான் போலும். துண்டு கொழும்புக்கு மாற்றலாகிப் போய், கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறது.

அவன் எழுந்து வந்துவிட்டான். அம்மாவுக்கு இன்னும் நம்ப முடியவில்லை. எழுந்து வரலாமா என்று என்னிடம் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்கிறாள்.

"அப்ப கவர்மெண்ட் வேலைக்குப் போடு" என்று சொன்ன மடையன் நான்தான். அரசாங்கத்துக்குப் பாதுகாப்பு ஆட்கள் தேவை என்று பத்திரிகையில் படித்திருந்தேன். தேவைதான். நோயாளிக்கு வைத்தியர் தேவைப்படுவது மாதிரி இல்லை, பிணத்துக்குத் தேவைப்படுவது மாதிரி.

மருமகனின் முதல் கேள்வியை அரசாங்கத்திடம் கேட்டுப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மேகக் கணினியைக் கப்பக்காரர்கள் பூட்டிப் போட்டார்கள். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஐயாயிரம் அளவிலான அரச மின்னஞ்சல் கணக்குகள் அடிபட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் போயே போயின. ஏனென்றால் அத்தனை நாளும் தனிப்பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் மென்பொருள். 2021இலிருந்தே மாற்ற நினைத்தார்களாம்; காசும் இல்லை, அதை நடத்தும் நிறுவனத்தின் சபைத் தீர்மானமும் தோதுப்படவில்லை. ஒரு நாட்டின் மந்திரிசபை மூன்று மாதம் தனக்குத்தானே என்ன எழுதிக்கொண்டது என்பது மந்திரிசபைக்கே தெரியாது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எண்பதுகளின் செக்ரோல் பதிவேட்டைக்கூடப் பலகைப் பெட்டியில் கரப்பான் மாத்திரை போட்டு வைத்திருக்கிறார்.

யார் தலை போகும்? 2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றாதீர்கள், உங்கள் தளத்துக்கும் கொஞ்சம் பாதுகாப்புப் போடுங்கள் என்று எழுதி வைத்தார்கள். சில நாளில் பிடித்துவிட்டார்கள், கடுகண்ணாவையில், பதினேழு வயதுப் பள்ளி மாணவனை. கதவைத் திறந்து போட்டவர் யார் என்று இன்றுவரை யாரும் தேடவில்லை. 2024 ஏப்ரலில் கல்வி அமைச்சின் தளத்திலும் அதே கதை. புகுந்தவர் தன்னை ஒரு மாணவன் என்று சொல்லி, உங்கள் பாதுகாப்பு மோசம் என்று எழுதிவிட்டுப் போனார். கல்வி அமைச்சுக்கு மாணவர்தான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் புகுந்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டின் பாதுகாப்பு அறிக்கைகளிலேயே தெளிவான தமிழிலோ சிங்களத்திலோ எழுதப்பட்டவை சிறுவர்கள் சுவரில் கிறுக்கியவைதான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் மறக்க மாட்டேன். 2021 பெப்ரவரி 5ஆம் திகதி நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுத் தோட்டங்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தன. மறுநாள் காலை கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களுக்குக் கூகுள் வரவில்லை. எல்கே முகவரிகளை நிர்வகிக்கும் இடத்தில் கைவைத்து, வேறொரு பக்கத்துக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவை தேயிலைத் தொழிலின் பிரச்சினை, பத்திரிகைச் சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் படும் பாடு. சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். முகவரிகளைச் சொல்கிறேன், பக்கத்தில் எழுதியிருந்தவற்றை அல்ல. நூற்றைம்பது வருஷத்தில் சங்கம், சந்தா, மேடை, மாலை, மந்திரிப் பதவி எல்லாம் கண்ட எங்கள் கதை நாட்டின் முன்வாசலில் தொங்கியது அந்த ஒரு காலைப்பொழுதுதான். அதுவும் பூட்டை உடைத்தவன் தயவில்.

ஓட்டை என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் அடைப்பீர்கள் என்பது மருமகனுடைய இரண்டாவது கேள்வி. இதற்குக் கணினி வேண்டாம். பக்கத்து மாவட்டமான பதுளையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை. அந்த மலை இறங்கும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் எச்சரித்தது. 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. ஓட்டை இருந்தது, அறிக்கை இருந்தது, திகதி இருந்தது, இடம் பெயர்க்க ஒன்பது வருஷம் இருந்தது. கணினித் தொழிலில் இப்படி நடந்தால் 'ஒட்டுப் போடத் தவறினார்கள்' என்பார்கள். இங்கே 'இயற்கை அனர்த்தம்' என்றார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நுவரெலியாவையும் பதுளையையும் கண்டியையும் கரைத்தபோதும் அதே வார்த்தைதான். மின்னஞ்சலுக்கு மாற்றிடம் வைக்காதவர்கள் மனிதருக்கு வைப்பார்களா என்று கேட்டால் அரசியல் பேசாதே என்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள்தான் மேடை ஏறி, மூளைசாலிகள் நாட்டை விட்டுப் போகிறார்களே என்று கண்ணைத் துடைக்கிறார்கள். 2022இல் நாட்டைத் திவாலாக்கினார்கள். 2023 ஜனவரியிலிருந்து வருமான வரியை உச்சப்படியில் 36 சதவீதம் ஆக்கினார்கள். உலகத்திலோ மருமகன் படித்த தொழிலுக்கு 2024 கணக்கில் 48 இலட்சம் ஆள் பற்றாக்குறை என்று அந்தச் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ்காரர்களே சொல்கிறார்கள். கூப்பிடுகிற வீடு ஒருபக்கம், விரட்டுகிற வீடு ஒருபக்கம். போகிறவனைப் பார்த்து நன்றி கெட்டவன் என்கிறார்கள். எதற்கு நன்றி? இலவசக் கல்விக்கா? எங்கள் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1977இல்தான். அதுவரை இலவசமாகக் கிடைத்தது கூடை.

போகிறவர்களிலும் இரண்டு வகை. கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவன் விமானத்தில் போய் மேசையில் உட்காருகிறான். கேட்கத் தெரியாதவனை மியன்மாரின் மியாவடிக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, டொலரில் சம்பளம் என்று கூட்டிப்போய், கடவுச்சீட்டைப் பறித்து, முள்வேலிக்குள் அடைத்து, முன்பின் தெரியாதவர்களை இணையத்தில் ஏமாற்றச் சொல்லி அடித்தார்கள். இலங்கையர் பலர் அங்கே சிக்கி மீண்டு வந்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று எங்கள் பாட்டனாரைக் கூட்டிவந்தானே ஆள்கட்டி, அவனுடைய கொள்ளுப்பேரன் இப்போது வட்ஸ்அப்பில் இருக்கிறான்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. இந்தியா தரும் மானியத்தில் 45 கோடி இந்திய ரூபாய் முற்பணமாகவே வந்தது. அன்றைக்குத் தகரம், இன்றைக்கு டிஜிட்டல். இரண்டு தடவையும் அக்கரைத் தொடர்பு விட்டுப் போகவில்லை. விரல் ரேகை எடுப்பார்களாம். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளி, சாயம் ஏறி, வெடித்து, வழவழத்துப்போன அம்மாவின் கட்டைவிரலை எந்தக் கண்ணாடியில் வைப்பது என்று மருமகன் கேட்கிறான். அந்தத் தரவுகளைக் காக்கப் போகிறவர்கள் யார் என்றும் கேட்கிறான். ஐயாயிரம் மின்னஞ்சல் பெட்டியைக் காத்த அதே ஆட்கள் என்றேன்.

ஆனாலும் என் பேச்சைக் கேட்டு அரச நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டான். இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். வீட்டு இலக்கம், வீதியின் பெயர் இரண்டும் கட்டாயம்; சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. எங்களுக்கு இரண்டும் இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம் என்று எழுதினால் படிவம் உள்ளே விடாது. கடைசியில் வீட்டு இலக்கம் சைபர், வீதி சைபர் என்று போட்டான், ஏற்றுக்கொண்டது. சைபர் செக்யூரிட்டி என்பதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது என்றான்.

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். அங்கும் கொப்பியை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வயதான அதிகாரி மட்டும் ஏழு கேள்விகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதெல்லாம் நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே போகலாம் என்று முடிவு பண்ணினான்.

நியமனக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை, கடிதங்கள் தோட்டத்து ஒபீஸுக்குப் போகும். அங்கே பையைப் பிரித்து, பெயர் பார்த்து, ஆள் சொல்லி அனுப்பி, அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கியபோது, வேலையில் சேர வேண்டிய திகதி கடந்து நாலு நாள். கடிதத்தின் அடியில், விளக்கம் தேவைப்படுவோர் தொடர்புகொள்ள என்று ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டிருந்தார்கள். அன்றிரவே எழுதினான்.

திரும்பி வந்துவிட்டது. பெட்டி நிறைந்துவிட்டதாம்.